3.97 சதவீத ஓட்டு வாங்கிய பாடல் எப்படி ஸ்பெயினின் பாடலானது?

மெட்டுப்பித்து கேட்டது:

யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு எந்த நாடு எப்படிப் பாடலைத் தேர்ந்தெடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வருகிறேன். ஸ்பெயினின் 2022 தேர்வில் கணக்கு பிடிபடவில்லை.

அந்நாட்டின் உள்நாட்டுத் தேர்வான பெனிடோர்ம் ஃபெஸ்ட், 2022 ஜனவரி 29, இறுதிச் சுற்று. எட்டுப் பாடல்கள். போன் ஓட்டில் கலீசிய மொழிப் பாடலோடு வந்த டான்ஷுகெய்ராஸ் என்ற மூன்று பெண்கள் குழுவுக்கு 70.75 சதவீதம். பாடகி ரிகோபெர்த்தா பாந்தினிக்கு 18.08. பாடகி சானெலுக்கு 3.97. கடைசியில் வென்றது சானெல். புள்ளிகள் சானெலுக்கு 96, ரிகோபெர்த்தாவுக்கு 91, டான்ஷுகெய்ராஸுக்கு 90 என்று வருகின்றன. அதாவது நூற்றில் எழுபது பேர் கேட்ட பாடல் மூன்றாம் இடம்.

விதிப்படி நடுவர்களுக்கு 50 சதவீதம் (உள்நாட்டு நடுவர்கள் 30, வெளிநாட்டு நடுவர்கள் 20), பார்வையாளர்களிலிருந்து பொறுக்கிய மாதிரிக் குழுவுக்கு 25, போன் ஓட்டுக்கு 25. கால் பங்கு கையில் இருந்தும் இவ்வளவு பெரிய முன்னிலை எப்படி ஒன்றுமில்லாமல் போனது? வேறு நாட்டின் முறையில் எண்ணியிருந்தால் முடிவு மாறியிருக்குமா? ஒரு தொலைக்காட்சி நிறுவனம் புதிதாக ஒரு தேர்வு நடத்தப் போகிறது என்றால் எந்த முறையை எடுத்துக்கொள்ள வேண்டும்?

எண்சுவடி எழுதியது:

பலரும் 50-25-25 என்ற பங்கீட்டையே பார்க்கிறார்கள். முடிவைத் தீர்மானித்தது அது இல்லை. ஓட்டைப் புள்ளியாக மாற்றிய விதம்தான்.

மூவரின் புள்ளியையும் பிரித்துப் பாருங்கள்.

சானெல்: நடுவர்கள் 51, மாதிரிக் குழு 25, போன் 20. மொத்தம் 96.
ரிகோபெர்த்தா பாந்தினி: நடுவர்கள் 46, மாதிரிக் குழு 20, போன் 25. மொத்தம் 91.
டான்ஷுகெய்ராஸ்: நடுவர்கள் 30, மாதிரிக் குழு 30, போன் 30. மொத்தம் 90.

போன் ஓட்டில் முதல் இடத்துக்கு 30, இரண்டாம் இடத்துக்கு 25, மூன்றாம் இடத்துக்கு 20. இதில் இடம் மட்டும்தான் எண்ணப்படுகிறது, எத்தனை பேர் போட்டார்கள் என்பது எண்ணப்படுவதில்லை. 70.75 சதவீதத்துக்கும் 3.97 சதவீதத்துக்கும் இடையே இருந்த 66.78 என்ற மலை, மேசைக்கு வரும்போது 10 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. டான்ஷுகெய்ராஸ் 95 சதவீதம் வாங்கியிருந்தாலும் அதே 30தான்.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் இருவர் போக, மீதி ஆறு பாடல்களும் சேர்ந்தே 11.17 சதவீதம்தான். அந்தச் சிறு குவியலில் சானெல் முதலில் நின்றார், அவ்வளவுதான். ஆனால் புள்ளியில் அவர் 70 சதவீதம் வாங்கிய பாடலின் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றுவிட்டார். ஓட்டு ஒரே பாடலில் குவியும்போது இட வரிசைக் கணக்கு எப்போதும் இப்படித்தான் செய்யும்.

நடுவர்களிடம் சானெலின் முன்னிலை 21. போனில் 10, மாதிரிக் குழுவில் 5 என்று டான்ஷுகெய்ராஸ் திரும்பப் பெற்றது 15. மீதி 6. அதுதான் 96-க்கும் 90-க்கும் உள்ள இடைவெளி.

சரி, போன் ஓட்டை விகிதப்படி பிரித்தால்? எடுத்துக்காட்டுக்கு போன் பங்கில் மொத்தம் 100 புள்ளி இருப்பதாக வையுங்கள், மற்ற இரண்டையும் தொடாதீர்கள். டான்ஷுகெய்ராஸ் 30 + 30 + 70.75, அதாவது 130.75. ரிகோபெர்த்தா 46 + 20 + 18.08, அதாவது 84.08. சானெல் 51 + 25 + 3.97, அதாவது 79.97. முதல் இடம் மட்டும் இல்லை, இரண்டும் மூன்றும்கூட இடம் மாறுகின்றன. அதே பாடல்கள், அதே ஓட்டுகள். மாறியது ஒரு பெருக்கல் மட்டும்.

மாதிரிக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. போன் ஓட்டு என்பது காசு கொடுத்துப் பலமுறை போடக்கூடியது. வெறி பிடித்த ரசிகர் கூட்டம் அதை வளைத்துவிடும் என்ற பயத்தில்தான், புள்ளியியல் முறைப்படி பொறுக்கிய சாதாரணப் பார்வையாளர் குழு ஒன்றை வைக்கிறார்கள். அந்தக் குழுவும் டான்ஷுகெய்ராஸைத்தான் முதலில் வைத்தது. ஆகவே "அது திரட்டப்பட்ட ஓட்டு" என்று தள்ளிவிட முடியாது. இரண்டு வெவ்வேறு வழியில் கேட்டும் மக்கள் ஒரே பதிலைச் சொன்னார்கள். கோபம் இவ்வளவு பெரிதாகி நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்பும் அளவுக்குப் போனதற்கு அதுவே காரணம். அந்தக் கோபம் விதி எழுதியவர்கள் மேல் போயிருக்க வேண்டும். பாடியவர் மேல் போனது. சானெல் தன் ட்விட்டர் கணக்கை மூடும் நிலை வந்தது. விதியைச் சரியாக எழுதாவிட்டால் அந்தச் சுமை ஒரு தவறும் செய்யாத பாடகர் தலையில் விழுகிறது. இந்தப் பேச்சு வெறும் எண் விளையாட்டு இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வடதுருவம் எழுதியது:

எண்சுவடி சொன்ன கணக்கு சரி. ஆனால் விகிதப்படி பிரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஸ்வீடன் அந்த வழியில் போய், வேறொரு குழியில் விழுந்து, வெளியே வந்த நாடு.

ஸ்வீடனின் உள்நாட்டுத் தேர்வான மெலோடிஃபெஸ்டிவாலன் 2017-ஐ எடுத்துக்கொள்வோம். 11 வெளிநாட்டு நடுவர் குழுக்கள். ஒவ்வொன்றும் 12, 10, 8, 6, 4, 2, 1 என்று கொடுக்கும். கூட்டினால் 43. பதினொன்றும் சேர்ந்து 473. மக்களுக்கும் அதே 473, அதை ஓட்டுச் சதவீதப்படி பிரிப்பார்கள். தாளில் பார்த்தால் பாதிக்குப் பாதி.

இதில் செயலி நுழைந்தது. 2015 முதல் கைபேசிச் செயலியில் இலவசமாக இதயக் குறி அனுப்பலாம். ஒரு பாடலுக்கு ஐந்து வரை. இலவசம் என்றதும் மக்கள் பிடித்த பாடலுக்கும் அனுப்பினார்கள், ஓரளவு பிடித்ததற்கும் அனுப்பினார்கள், மேடையில் யாராவது சிரித்தால் அதற்கும் அனுப்பினார்கள். ஓட்டு எல்லாப் பாடல்களிலும் பரவிவிட்டது. பன்னிரண்டு பாடல்கள் 473-ஐச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 39 சொச்சம். ஓட்டு பரவப் பரவ எல்லாரும் அந்த 39-ஐ ஒட்டியே நிற்பார்கள். 12 சதவீதம் வாங்கிய பாடலுக்கு 57, 6 சதவீதம் வாங்கியதற்கு 28. இரண்டு மடங்கு ஓட்டு வாங்கியும் வித்தியாசம் 29தான். நடுவர் பக்கமோ ஒரு பாடல் நூறை நெருங்கும், இன்னொன்று ஒற்றை இலக்கத்தில் கிடக்கும். ஆக, பெயருக்குத்தான் பாதி. முடிவு செய்தது நடுவர்கள். அந்த ஆண்டு மக்கள் ஓட்டில் முந்தியது நானோ என்ற பாடகர். நடுவர்களின் தேர்வான ராபின் பெங்ட்ஸனே யூரோவிஷன் நடந்த கீவ் நகருக்குப் போனார்.

ஒரு குழுவின் உண்மையான பலம் அதற்கு எத்தனை புள்ளி ஒதுக்கினார்கள் என்பதில் இல்லை. அந்தப் புள்ளி முதல் பாடலுக்கும் கடைசிப் பாடலுக்கும் நடுவே எவ்வளவு விரிகிறது என்பதில்தான் இருக்கிறது. ஸ்பெயினில் ஓட்டு குவிந்தது, இட வரிசை அதை நசுக்கியது. ஸ்வீடனில் ஓட்டு பரவியது, விகிதமுறை அதை அப்படியே தட்டையாக விட்டுவிட்டது.

2019-இல் ஸ்வீடனின் தொலைக்காட்சி நிறுவனமான எஸ்விடி இதற்கு எடுத்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. செயலியில் பதியும்போது வயதைக் கேட்கிறார்கள். 3 முதல் 9, 10 முதல் 15, 16 முதல் 29, 30 முதல் 44, 45 முதல் 59, 60 முதல் 74, 75-க்கு மேல் என்று ஏழு வயதுக் குழுக்கள். போனில் போடுபவர்கள் எட்டாவது குழு. ஒவ்வொரு குழுவும் ஒரு நாடு போல 12, 10, 8, 7 என்று 1 வரை கொடுக்கும். வெளிநாட்டு நடுவர் குழுக்களையும் எட்டாக்கிவிட்டார்கள். ஒரு குழுவுக்கு 58 புள்ளி, ஒரு பக்கத்துக்கு 464. இரண்டு பக்கமும் உச்சம் 96. இப்போதுதான் பாதிக்குப் பாதி என்பது உண்மையானது. முதல் ஆண்டிலேயே ஜான் லுண்ட்விக் எட்டு நடுவர் குழுக்களிடமும் 12 வாங்கி 96, மக்களிடம் 85, மொத்தம் 181 என்று போனார்.

இதிலும் குறை உண்டு. ஏழு வயதுப் பிள்ளைகளின் குழுவும் முப்பது வயதுக்காரர்களின் குழுவும் சம எடை. எந்த வயதில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பது கணக்கில் வராது. வயதை அவரவர் சொல்வதை நம்ப வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஒரே வகை ரசிகர் கூட்டம் எட்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்பது பெரிய காப்பு. யூரோவிஷனிலும் ஒவ்வொரு நாட்டின் மக்கள் ஓட்டுக்கும் அதன் மக்கள்தொகை எதுவானாலும் 58 புள்ளிதான். வீட்டில் அதே வடிவத்தில் ஒத்திகை பார்ப்பது போன்றது இது.

ஃபின்லாந்து நேர் எதிர்த் துருவம். அவர்களுடைய யூஎம்கே தேர்வில் மக்களுக்கு 75, வெளிநாட்டு நடுவர்களுக்கு 25. மக்கள் ஓட்டு விகிதப்படி பிரியும், இட வரிசை கிடையாது. 2023-இல் காரியா 539 புள்ளி எடுத்தார். இரண்டாம் இடம் 200-ஐக்கூடத் தொடவில்லை. மக்கள் ஒருவரைத் தூக்கிப் பிடித்தால் இந்த முறையில் வேறு யாராலும் இறக்க முடியாது. அந்த ஆண்டு யூரோவிஷன் நடந்த லிவர்பூலில் காரியாவுக்கு மக்களிடமிருந்து 376, நடுவர்களிடமிருந்து 150. வென்ற ஸ்வீடனின் லோரீனுக்கு மக்களிடமிருந்து 243, நடுவர்களிடமிருந்து 340. உள்நாட்டில் எந்தப் பக்கத்துக்கு எடை கொடுத்தார்களோ அந்தப் பக்கத்துப் பாடல்தான் வெளியே போகிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு அதே முறையில் வென்ற விண்டோஸ்95மேன் மால்மோவில் 19-ஆம் இடம்.

தாளக்கட்டு எழுதியது:

இரண்டு பேரும் எண்களை அழகாக விளக்கிவிட்டீர்கள். ஆனால் ஒரு முக்கியமான எண் இன்னும் வரவில்லை. 459.

சானெல் டூரினில் நடந்த 2022 யூரோவிஷனில் வாங்கியது அது. மூன்றாம் இடம். 1995-க்குப் பிறகு ஸ்பெயினுக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடம். 231 நடுவர்களிடமிருந்து, 228 மக்களிடமிருந்து. ஸ்பெயின் மக்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூடக் கேட்காத பாடலுக்கு மற்ற நாட்டு மக்கள் 228 கொடுத்தார்கள். தன் நாட்டுக்கு யாரும் ஓட்டுப் போட முடியாது என்பதை மறந்துவிட வேண்டாம். உள்நாட்டில் 70 சதவீதம் என்பது மே மாதத்தில் நடக்கும் யூரோவிஷனில் ஒரு புள்ளியாகக்கூட மாறாது.

அதற்காக நடுவர்கள் எப்போதும் சரி என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு ஸ்பெயின் அனுப்பிய பிளாங்கா பலோமாவுக்கு நடுவர்களிடம் 95, மக்களிடம் 5. இடம் 17. வெளிநாட்டு நடுவர்களை வைத்துத் தேர்ந்தெடுத்தால் வெளிநாட்டு நடுவர்களின் மனம் தெரியும். வெளிநாட்டு மக்களின் மனம் தெரிவதில்லை. மேலே சொன்ன ஜான் லுண்ட்விக்கையே பாருங்கள். எட்டு நடுவர் குழுக்களிடமும் 12 வாங்கியவர், டெல் அவீவில் மக்களிடம் பெற்றது 93தான்.

என் கருத்து: முதலில் நிறுவனம் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நம் மக்களுக்குப் பிடித்த பாடலைத் தேடுகிறோமா, முதல் முறை கேட்கும் அயலாருக்கு மூன்று நிமிடத்தில் பிடித்துப்போகும் பாடலைத் தேடுகிறோமா? இரண்டும் நியாயமான நோக்கம். ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றுக்கு விதி எழுதுவதுதான் பிழை. மக்கள் தேர்வு என்று விளம்பரம் செய்துவிட்டு, மக்களின் முன்னிலையை நசுக்கும் கணக்கை வைத்தால் 2022-தான் வரும்.

அயலாருக்கான பாடல்தான் வேண்டும் என்றால் ஸ்விட்சர்லாந்தைப் பாருங்கள். 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டும் அரையிறுதியிலேயே வெளியேறியது. 2019-இல் தொலைக்காட்சித் தேர்வை நிறுத்திவிட்டு, 100 பேர் கொண்ட மக்கள் குழு ஒன்றையும் வெளிநாட்டு நிபுணர் குழு ஒன்றையும் வைத்து உள்ளுக்குள்ளேயே தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டே லூக்கா ஹேன்னி நான்காம் இடம். 2021-இல் மூன்றாம் இடம். 2024-இல் நீமோ வென்றார். அந்தப் பாடல் சூசா என்ற உரிமச் சங்கம் நடத்தும் பாடல் எழுதும் முகாமில் பிறந்தது. அதாவது அங்கே தேர்வு என்பது வந்ததைப் பொறுக்குவதோடு முடியவில்லை. எழுதும் இடத்திலேயே தொடங்குகிறது. ஆனால் உள்தேர்வு என்றாலே வெற்றி என்றும் இல்லை. பிரிட்டன் 2021-இல் உள்தேர்வில் அனுப்பிய பாடலுக்குப் பூஜ்யம். 2022-இல் உள்தேர்வில் அனுப்பிய சாம் ரைடருக்கு இரண்டாம் இடம். பெட்டி ஒன்றுதான், உள்ளே என்ன வைக்கிறோம் என்பது வேறு.

புதிதாக நடத்தப்போகிறவர்களுக்கு நடைமுறையில் கவனிக்க வேண்டியவை:

காலண்டரைப் பின்னாலிருந்து போடுங்கள். மே மாதப் போட்டிக்குப் பாடலும் ஆவணங்களும் மார்ச் நடுவில் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கத்திடம் போய்ச் சேர வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் இறுதிச் சுற்று வைத்தால், வென்ற பாடலைத் திருத்தக் கையில் ஒரு வாரம்தான். ஜனவரி கடைசியில் முடித்த ஸ்பெயினுக்கு ஆறு வாரம் கிடைத்தது. பாடல் முந்தைய செப்டம்பர் 1-க்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது. அழைப்பு விடும்போதே இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு மேடையில் பாடியதைப் பார்வையாளர் ஒருவர் இணையத்தில் ஏற்றியது தேர்வு முடிந்தபின் தெரியவந்தால் பெரிய தலைவலி.

நீளம் 3 நிமிடம். ஒரு நொடி கூடக் கூடாது. 3:25 இருக்கும் பாடலை "வென்றால் வெட்டிக்கொள்வோம்" என்று உள்ளே விடாதீர்கள். வெட்டும்போது பெரும்பாலும் இரண்டாம் சரணம் பாதியாகும், இல்லாவிட்டால் கடைசிப் பல்லவிக்கு முன்னால் வரும் இறக்கம் போய்விடும். அந்த இறக்கம் இல்லாமல் உச்சம் ஏறாது. வெட்டிய வடிவத்தையே போட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

மேடையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. ஸ்வீடன் தன் உள்நாட்டுத் தேர்வில் எட்டு வரை அனுமதிக்கிறது. எட்டுப் பேரை வைத்துக் கட்டிய நடனத்தில் இருவரை எடுத்தால் கேமரா ஓட்டம் முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். இசைக்கருவிகள் எல்லாம் பதிவுதான், மேடையில் இருப்பது காட்சிக்கு. 2021 முதல் பின்குரல்களையும் பதிவில் வைக்கலாம். முன்குரல் மட்டும் கட்டாயம் நேரடி. இந்த மாற்றத்தால் பின்குரல் பாடகர்களுக்குப் போன இடங்கள் நடனக்காரர்களுக்குக் கிடைத்தன. சானெலும் ஐந்து நடனக் கலைஞர்களும் என்ற அமைப்பு சாத்தியமானது அதனால்தான்.

டெமோவை நம்பாதீர்கள். டெமோ பாடுபவர் வேறு, மேடைக்கு வருபவர் வேறு. சுருதி டெமோ பாடகருக்கு ஏற்றபடி இருக்கும். வருபவரை நடனத்தோடு, மைக்கைத் திறந்து, பின்குரல் பதிவை அணைத்துவிட்டு, இடைவெளி இல்லாமல் மூன்று முறை பாடச் சொல்லுங்கள். மூன்றாவது முறை இரண்டரை நிமிடத்தில் வரும் உச்ச சுரம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அரை சுருதி இறக்குங்கள். இறக்கினால் பாடலின் ஒளி போகிறது என்றால் பாடகர் பொருந்தவில்லை. 2017-இல் கீவ் இறுதிச் சுற்றில் ஸ்பெயின் பாடகரின் குரல் உச்சத்தில் உடைந்ததை உலகமே பார்த்தது. 5 புள்ளி, கடைசி இடம்.

மேடைப் பொருள்கள் சக்கரத்தில் வர வேண்டும். ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நிமிடம்கூடக் கிடையாது. உள்நாட்டுத் தேர்வில் விளம்பர இடைவேளையில் ஐந்து நிமிடம் எடுத்துப் பூட்டிய படிக்கட்டு அங்கே உதவாது.

மெட்டுப்பித்து எழுதியது:

மூவருக்கும் நன்றி. விரிவு பற்றிய விளக்கம்தான் எனக்கு விடுபட்டிருந்தது. 30-30-30 வாங்கியவர் ஏன் தோற்றார் என்பது இப்போது தெளிவு.

இரண்டு உபகேள்விகள். இத்தாலி தனியாகத் தேர்வே நடத்தாமல் சான்ரெமோ விழாவில் வென்றவரை அனுப்புகிறது. அந்தப் பாடல்கள் நீளமானவை, வேறு நோக்கத்துக்கு எழுதியவை. பிறகு எப்படித் தொடர்ந்து முன்னணியில் வருகிறது? இரண்டாவது, சமநிலை வந்தால் யார் முடிவு செய்ய வேண்டும்?

தாளக்கட்டு எழுதியது:

சான்ரெமோ 1951-இல் தொடங்கியது. யூரோவிஷனே அதைப் பார்த்து 1956-இல் பிறந்தது. அங்கே வருபவர்கள் யூரோவிஷனுக்காக வருவதில்லை, இத்தாலியச் சந்தையில் அந்த ஆண்டின் பாடலாக வேண்டும் என்று வருகிறார்கள். ஏற்கெனவே பெயர் பெற்ற பாடகர்கள், பெரிய நிறுவனங்கள், ஐந்து இரவு. போட்டியின் தரம் அதனாலேயே உயர்ந்திருக்கிறது. யூரோவிஷனுக்கென்று மட்டும் எழுதிய பாடலில் ஒரு வாடை அடிக்கும், அது சான்ரெமோ பாடல்களில் இருக்காது.

வென்றவருக்கு முதல் உரிமை, கட்டாயம் கிடையாது. 2016-இல் வென்ற ஸ்டேடியோ குழு வேண்டாம் என்றது, ஃபிரான்செஸ்கா மிகியெலின் போனார். 2025-இல் வென்ற ஒல்லி மறுத்தார். இரண்டாம் இடத்து லூசியோ கோர்சி பாசெலுக்குப் போய் ஐந்தாம் இடம் பிடித்தார். ஆகவே மறுப்புக்கான விதியை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்: எத்தனை நாளுக்குள் பதில், அடுத்து யாரைக் கேட்பது.

நீளத்தில் நீங்கள் சொல்வது உண்மை. ஃபிரான்செஸ்கோ கப்பானியின் 2017 பாடல் மூன்றரை நிமிடத்திலிருந்து மூன்றுக்கு வெட்டப்பட்டது. போட்டிக்கு முன் எல்லாரும் முதல் இடம் என்று சொன்ன பாடல் ஆறாம் இடத்தில் நின்றது. வெட்டியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் முழு வடிவத்தைக் கேட்டவர்களுக்கு அந்த வெட்டு உறுத்தும். மோனெஸ்கின் 2021-இல் பாடலைச் சுருக்கி, கெட்ட வார்த்தைகளையும் மாற்றிக்கொண்டு போய் வென்றார்கள். ராக் பாட்டில் ஒரு சரணம் குறைந்தால் வேகம் கூடும். கதை சொல்லும் பாட்டில் குறைந்தால் கதை அறுந்துவிடும்.

எண்சுவடி எழுதியது:

சமநிலை பற்றி. இதுவும் ஸ்பெயினோடு ஒட்டிய விஷயம்தான்.

1969-இல் மாட்ரிட்டில் நடந்த யூரோவிஷனில் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் 18 புள்ளியில் நின்றன. சமநிலைக்கு விதியே எழுதப்படவில்லை. நான்கையும் வென்றதாக அறிவித்தார்கள். விதி வந்தது அதன் பிறகுதான். 1991-இல் ஸ்வீடனும் பிரான்ஸும் 146-இல் சமமானபோது, முதலில் 12-களை எண்ணினார்கள், அதுவும் சமம். 10-களை எண்ணியபோது ஸ்வீடனின் கரோலா முந்தினார்.

2017 ஸ்பெயின் உள்நாட்டுத் தேர்வில் மனெல் நவாரோவும் மிரெலாவும் 58-58. முடிவு நடுவர்களிடம் போனது, நேரலையிலேயே. அவர்கள் நவாரோ என்றார்கள். அரங்கில் கூச்சல். ஏற்கெனவே ஒருமுறை புள்ளி கொடுத்துவிட்டவர்களிடமே மறுபடியும் தீர்ப்பைக் கொடுத்தால், அவர்களுடைய ஓட்டு இரண்டு முறை எண்ணப்பட்டதாகவே மக்கள் பார்ப்பார்கள். இப்போது யூரோவிஷனில் சமநிலை வந்தால் மக்கள் ஓட்டில் அதிகப் புள்ளி வாங்கியது முந்தும். உள்நாட்டுத் தேர்விலும் அதையே வைப்பது நல்லது.

விகிதமுறையில் போகிறவர்கள் முழுமையாக்கும் விதியையும் எழுத வேண்டும். சதவீதத்தைப் புள்ளியாக்கும்போது 56.76 என்பது 57 ஆகும். எல்லாவற்றையும் அப்படி முழுமையாக்கினால் கூட்டுத்தொகை 473-க்குப் பதில் 472 அல்லது 474 வரக்கூடும். அந்த ஒரு புள்ளி யாருக்கு என்று அன்றிரவு யாரும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

விதியை அறிவிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். விரிதாளில் மூன்று கற்பனை இரவுகளைப் போடுங்கள். ஒன்றில் போன் ஓட்டு 70-18-4 என்று குவியட்டும், நடுவர்கள் அந்தப் பாடலை ஐந்தாவதாக வைக்கட்டும். இரண்டாவதில் எல்லாப் பாடலும் 10 முதல் 15 சதவீதத்துக்குள் நிற்கட்டும், நடுவர்கள் மட்டும் ஒரே பாடலில் குவியட்டும். மூன்றாவதில் மேலே இருக்கும் இரண்டும் சமமாகட்டும். மூன்று இரவிலும் வரும் வெற்றியாளரைப் பார்த்து, "இந்த முடிவை மறுநாள் காலை செய்தியாளர்கள் முன்னால் நின்று விளக்க முடியுமா?" என்று குழுவில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். யாராவது தயங்கினால் எடையைத் தொடாமல் முதலில் மாற்றும் முறையைத் தொடுங்கள். ஒரே ஆளின் ஓட்டுக்கு வரம்பும் வையுங்கள். யூரோவிஷனே 20 ஓட்டு என்று இருந்ததை 2026 போட்டிக்கு 10 ஆகக் குறைத்திருக்கிறது.

உங்கள் குறிப்பேட்டில் நாடுகளை வரிசைப்படுத்தும்போது எடைச் சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: இட வரிசையா, விகிதமா. ஸ்பெயினையும் ஃபின்லாந்தையும் முதலில் நிரப்புங்கள்.